650 சொல்லை 350-க்குள் திணிக்காதீர்கள்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இளநிலை முதலாண்டு விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகள் இருக்கும். நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். சேர்க்கைக்கு எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதில்லை. அதனால் இந்த 1,400 சொற்களுக்குக் கனம் அதிகம். எழுத்துப்பிழை பாருங்கள், கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்ததே. விட்டுவிடுவோம். கீழே இருப்பவை மற்ற தவறுகள்.

கொழுப்பை விட்டுச் சதையை அறுப்பது

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்புக்கு எழுதிய 650 சொல் கட்டுரை கையில் இருக்கும். பலர் அதையே பாதியாக வெட்டி இங்கே ஒட்டுவார்கள். ஆண்டு தவறாமல் நடக்கிறது, ஆண்டு தவறாமல் எரிச்சல்தான். வெட்டும்போது முதலில் பலியாவது எது? ஊர், எண், பக்கத்தில் நின்றவர் சொன்ன ஒரு வார்த்தை. கடைசியில் மிஞ்சுவது இப்படி: "அறிவியல் மன்றத்தை வழிநடத்தியபோது பல சவால்களைச் சமாளித்தேன்." யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். வெட்டி எறிந்ததோ இது: "கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு பம்பு ஒழுகியது, பழைய சைக்கிள் டியூபை நறுக்கி வாஷர் செய்தோம்."

பழைய கோப்பைத் திறக்கவே திறக்காதீர்கள். மூன்று ஆண்டுக் கதையில் ஒரு வாரத்தை, முடிந்தால் ஒரே ஒரு மாலையை எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள். சூழலுக்கு 60 சொல், நீங்கள் செய்ததற்கு 200, அதனால் என்ன மாறியது என்பதற்கு 70. மீதி 20 கைவசம் இருக்கட்டும். நடுப்பகுதி 150-க்குக் கீழே இறங்கினால் பீடிகை பெருத்துவிட்டது என்று அர்த்தம். முதல் பத்தியை அப்படியே தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறையாது.

மேற்கோளில் தொடங்குவது

20 சொல் போச்சு. அதுவும் அடுத்தவருடையது.

செயல்பாடுகளை மறுபடி பட்டியலிடுவது

அதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது: 20 பதிவுகள் வரை, ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 350 எழுத்து. (அங்கே எழுத்து, இங்கே சொல், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) பரிசையும் பதவியையும் அங்கே வைத்துவிட்டால் இங்கே இடம் மிஞ்சும்.

சொல் கணக்கைக் குறைக்கச் சொற்களை ஹைஃபன் போட்டு ஒட்டுவது

வேண்டாம்.

வளாகத்தின் பெயரை எழுதுவது

ஒன்பது இளநிலை வளாகங்களில் எத்தனையைத் தேர்ந்தெடுத்தாலும் விண்ணப்பம் ஒன்றுதான், பதில்களும் அவையேதான். பெர்க்லிதான் என் கனவு என்று உருகினால், டேவிஸில் இருப்பவரும் அதைத்தான் படிப்பார்.