மேன்லியில் ஒரு வெயில் நாள்: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

சிட்னியின் கடலோர ஊரான மேன்லிக்கு 'ஆண்மை' என்றா பெயர் வைப்பார்கள் என்று சிட்னிக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. அந்த ஆங்கிலச் சொல்லேதான். 1788-இல் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தபோது, தண்ணீரில் இறங்கி அவருடைய படகுகளை எதிர்கொண்ட பழங்குடி ஆண்களின் மிடுக்கைக் கண்டு இந்தக் குடாவுக்கு மேன்லி கோவ் என்று பெயரிட்டார். மறு ஆண்டே அதே குடாவில், அவருடைய ஆணைப்படி பென்னலாங், கோல்பி என்ற பழங்குடியினர் இருவரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுபோனார்கள். 1790 செப்டம்பரில் அங்கேயே ஃபிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. பெயரில் இருக்கும் பாராட்டை மட்டும் சொல்லி மீதியை விட்டுவிடுவது நியாயமில்லை.

இனி, போகும் வழி.

1. நாளும் நேரமும்

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பிப்ரவரி, மார்ச்சில் கடல்நீர் 23 டிகிரியை ஒட்டி இருக்கும். அக்டோபரில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் 18 டிகிரிதான், குழந்தைகள் பத்து நிமிடத்தில் பல் கிட்டி ஓடிவந்துவிடுவார்கள்.

கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்பும். கடல் கலங்குவதும் மணல் பறப்பதும் அப்போதுதான். காலை 9 மணிக்கெல்லாம் மேன்லியில் இறங்கிவிடுகிற மாதிரி கிளம்புங்கள். பலத்த மழை பெய்திருந்தால் திறந்த கடலில் ஒரு நாளும், துறைமுகப் பக்கக் கரைகளில் மூன்று நாளும் குளிக்க வேண்டாம். சாலைக் கழிவெல்லாம் மழைநீர்க் குழாய் வழியாக அங்கேதான் வந்து சேரும்.

2. பையில் என்ன

முதலில் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 50-க்குக் குறையாமல். "நம்ம நிறத்துக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். கருமை ஓரளவு காக்கும், முழுக்கக் காக்காது. கோடை மதியத்தில் சிட்னியின் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், அது மிகத் தீவிரமான நிலை. புற ஊதாக் கதிர் சூடாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். குளிர்ந்த காற்று வீசும்போதும் தோல் வெந்துகொண்டே இருக்கும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக்கு ஏழு தேக்கரண்டி வேண்டும்: ஒவ்வொரு கைக்கும் ஒன்று, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகம் கழுத்து காதுக்குச் சேர்த்து ஒன்று. பொட்டு வைப்பதுபோல் தொட்டுப் பூசுவதால்தான் பலருக்கும் பலன் தெரிவதில்லை. வெயிலில் இறங்க 20 நிமிடம் முன்பே பூச வேண்டும், ஆகவே ஃபெர்ரியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுங்கள். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்ததும் மறுபடி.

அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை நீச்சல் சட்டை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மாற்றுத்துணி, ஈரத்துணிக்குத் தனிப் பை. சாப்பாடு கட்டிக்கொண்டு போவதானால் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் மதியம் வரை தாங்கும். தயிர்ச்சாதம் ஐஸ் கட்டியோடு வைத்தால் மட்டுமே. திறந்த பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சில் மூழ்கிவிடாதீர்கள். கடற்காகம் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

3. ஃபெர்ரி

மேற்கு சிட்னியில் வெண்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: ஃபெர்ரி கிளம்பும் சர்க்குலர் கீ நிலையத்துக்கு டி1 ரயில் போகாது. சென்ட்ரலில் மாறுங்கள். வார இறுதியில் தண்டவாளப் பணி அடிக்கடி நடக்கும் என்பதால் முந்தின இரவே செயலியில் பார்த்துவிடுவது நல்லது.

சர்க்குலர் கீயில் 3-ஆம் எண் படகுத்துறையிலிருந்து மேன்லி ஃபெர்ரியான எஃப்1 கிளம்பும். பயணம் சுமார் அரைமணி நேரம். பக்கத்துத் துறையில் தனியார் விரைவுப் படகு உண்டு, சீக்கிரம் போய்விடும். முதன்முறைக்கு அது வேண்டாம். அரைமணி நேரத் துறைமுகக் காட்சியை ஓப்பல் (பொதுப் போக்குவரத்து அட்டை) கட்டணத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும் முன் தட்டி, இறங்கியதும் மறக்காமல் தட்டுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறுகளில் ஒரு நாளில் எடுக்கப்படும் கட்டணத்தின் உச்ச வரம்பு, மற்ற நாட்களின் வரம்பில் பாதிதான். குடும்பமாகப் போவதற்கு அதுவே காரணமாகப் போதும்.

போகும்போது வலப்பக்க வெளி இருக்கையைப் பிடியுங்கள். கிளம்பியதும் ஓபரா ஹவுஸ் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும். அது நிற்கும் முனைக்குப் பென்னலாங் பாயிண்ட் என்று பெயர். அவர் குடிசை அங்கே இருந்தது. அவரைப் பிடித்த குடாவில்தான் நீங்கள் இறங்கப்போகிறீர்கள். பிறகு நீருக்கு நடுவே டெனிசன் கோட்டை. கடைசியில் வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே வலப்பக்கம் திடீரென்று திறந்த பசிபிக் தெரியும். அந்த இடத்தில் படகு ஆடும். வாந்தி வருகிறவர்கள் கீழ்த்தளத்தின் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். அலை மிகவும் பெரிதாக இருக்கும் நாளில் படகை நிறுத்திப் பேருந்து விடுவார்கள்.

4. கோர்ஸோ

துறையிலிருந்து எதிரே நேராகப் போகும் நடைவீதிதான் கோர்ஸோ. ரோம் நகரத் தெருவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஐந்தாறு நிமிட நடையில் நார்ஃபோக் பைன் மரங்களும் அவற்றுக்குப் பின்னால் கடலும். கடைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

5. கடலில் இறங்குதல்

இங்கே அவசரம் கூடாது. மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களும் இந்தக் கடலைப் புதிதாகக் கற்க வேண்டும்.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். குளிப்பது அவற்றுக்கு இடையில் மட்டும். அலை மாறினால் கொடியையும் மாற்றி நடுவார்கள், அதனால் நேற்று இருந்த இடம் இன்று பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. தண்ணீரில் நிற்கும்போது அலை உங்களைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்துக் கொடிகளுக்கு நடுவே வந்துவிடுங்கள்.

ஆளைக் கொல்வது ரிப் எனப்படும் இழுப்பு. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீரெல்லாம் ஏதாவது ஒரு பள்ளத்தின் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்தப் பாதைதான் ரிப். மணலில் நின்றபடியே பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரையோடு அலை உடையும், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். சில சமயம் அதில் மணல் கலங்கி வெளியே போவதும் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் "இங்கே அலையே இல்லை" என்று அதில்தான் இறங்குகிறார்கள்.

இழுப்பில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், ஐந்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவீர்கள். ரிப் ஆளை வெளியேதான் இழுக்கும், அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வெள்ளை நுரை தெரியும் பக்கம் நீந்துங்கள். புடவையும் ஜீன்ஸும் நனைந்தால் கனத்துக் காலைப் பின்னும். முழங்காலுக்கு மேல் போவதானால் நீச்சலுடை போட்டுக்கொள்ளுங்கள்.

வடகிழக்குக் காற்று வீசிய மறுநாள் கரையில் நீலக் கண்ணாடிக் குமிழ்போல் ஏதாவது ஒதுங்கியிருந்தால் மிதிக்க வேண்டாம், அது ப்ளூபாட்டில். நூல்போன்ற வால் உலர்ந்த பிறகும் கொட்டும். கொட்டிவிட்டால் தேய்க்காமல் வாலை எடுத்துவிட்டு, கடல்நீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். வினிகர் ஊற்றாதீர்கள், வலி கூடலாம். வெந்நீருக்கு உயிர்காப்பாளர்களைக் கேளுங்கள்.

இப்படிப் பட்டப்பகலில் கடலில் குளிப்பதே ஒரு காலத்தில் இங்கே குற்றம். 1902-இல் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் கோச்சர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பகலில் இறங்கிக் குளித்தார். அடுத்த ஆண்டு தடை தளர்ந்தது.

6. ஷெல்லி பீச்

கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஒரு நடைபாதை போகும். கால்மணி நேர நடை. வழியில் பாறையோடு ஒட்டிய சிறு கடல்நீர்க் குளமும், வெயில் காயும் வாட்டர் டிராகன்களும் இருக்கும். அவை பெரிய ஓணான்கள். ஒன்றும் செய்யாது, தீனி மட்டும் போடாதீர்கள்.

ஷெல்லி பீச் மேற்கு பார்த்த கரை. இந்தக் கிழக்குக் கடலோரத்தில் அது அபூர்வம். பெரிய அலை நேராக வராததால் சிறுவர்களுக்கும், ஸ்னார்க்கல் (முகமூடியோடு போடும் மூச்சுக்குழாய்) முதன்முறை போடுகிறவர்களுக்கும் ஏற்றது. எப்போதும் காவலர் இருப்பார் என்று நம்பாமல் பிள்ளைகளைக் கை எட்டும் தூரத்தில் வைத்திருங்கள். 2002 முதல் இந்தக் குடா மீன்பிடித்தல் தடை செய்யப்பட்ட காப்பகம், சங்கு சிப்பிகூட எடுக்கக் கூடாது. அதன் பலனை முகமூடி போட்டுக் குனிந்ததும் பார்ப்பீர்கள்: ஒரு மீட்டர் நீளக் குரோப்பர் மீன், அடர்நீலத்தில், பயமின்றிப் பக்கத்தில் வந்து சிறிய கண்ணை உருட்டி உங்களைப் பார்க்கும். நீலம் ஆண், பெண் பழுப்பு நிறம். முகமூடிக்குள் மூச்சுப் புகை படியாமலிருக்க, போடும் முன் உட்பக்கம் எச்சிலைத் தடவி ஒருமுறை அலசுங்கள். தண்ணீர் கசிந்தால் பெரும்பாலும் விளிம்புக்குள் முடி சிக்கியிருக்கும்.

7. திரும்புதல்

பைன் மரத்தடியில் இருக்கும் குழாயில் காலைக் கழுவி, மணலை உதறிவிட்டுக் கோர்ஸோ வழியாக வாருங்கள். கோடையில் சூரியன் மறைய எட்டு மணி ஆகும். ஏழரை மணிப் படகுகளில் ஒன்றைப் பிடித்து முன்தளத்தில் நின்றால், ஹார்பர் பாலத்துக்குப் பின்னால் வானம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே வரலாம். காற்று அப்போது நன்றாகக் குளிரும், ஈர உடையை மேன்லியிலேயே மாற்றிவிடுங்கள். சர்க்குலர் கீயில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி இறங்கும்போதுதான் அட்டையைத் தட்ட மறக்கிறார்கள். அதை முன்பையிலேயே வைத்திருங்கள்.