யூஜெனால் எங்கே போனது?

கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பில் வடித்த எண்ணெயை, கலவையை ஆவியாக்கிக் கூறுகளாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபில் செலுத்துகிறீர்கள். திரையில் மலைபோல் ஒரு பீக் (ஒரு கூறு வெளிவருவதைக் காட்டும் முகடு) நிற்கிறது. அறிக்கையோ கிராம்பெண்ணெயின் முக்கியக் கூறான யூஜெனால் இல்லை என்கிறது. எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டாம். அண்மையில் கருவிக்குள் கூறுகளைப் பிரிக்கும் குழாயின் நுனியை வெட்டியிருந்தால் பீக்குகள் சற்று முன்னதாகவே வந்துவிடும். மென்பொருளோ பழைய நேரத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.

தேடும் நேர வரம்பை அகலமாக்குவது சோம்பேறி வழி (நானும் செய்திருக்கிறேன்). பக்கத்து பீக் யூஜெனால் பெயரைச் சூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாக, செறிவு தெரிந்த யூஜெனால் தரக்கரைசலை ஓட்டி, எந்தக் கூறு எப்போது வரும் என்று மென்பொருள் பார்க்கும் அளவுத்திருத்த அட்டவணையில் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். கணக்கிட்ட அளவு உண்மைச் செறிவோடு பொருந்தினால் பீக்கின் அளவைச் செறிவாக மாற்றும் பழைய வளைகோடே போதும். விலகினால் வெவ்வேறு செறிவுள்ள தரக்கரைசல்கள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டத்தான் வேண்டும். திருத்திய கோப்பைப் புதுப் பெயரில் சேமியுங்கள். பழைய அறிக்கைகளுக்குப் பழைய கோப்பு தேவைப்படும்.