வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதம்பாக்கத்தில் முப்பது வருஷப் பழைய ஃப்ளாட். பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கிறது, ஆனால் வங்கி கடன் தரத் தயங்குகிறது. மதுரையில் ஒருவரின் தனி வீட்டுக்கும் இதே கதை. அவருக்கோ சென்னைக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட இருவர் சந்தித்தால், விற்று வாங்குவதைவிட மாற்றிக்கொள்வது லாபமாகவே இருக்கும். இதற்கான ஆவணம் பரிவர்த்தனைப் பத்திரம். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 118-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது.

தமிழ்நாட்டில் இப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு வீட்டின் மதிப்பு 60 லட்சம், மற்றது 45 லட்சம் என்று வையுங்கள். இரண்டு கிரயப் பத்திரம் போட்டால் 5.40 லட்சமும் 4.05 லட்சமும் சேர்த்து 9.45 லட்சம் ரூபாய் செலவு. பரிவர்த்தனையில் மதிப்பு கூடிய சொத்துக்கு மட்டும் கட்டினால் போதும்: 5.40 லட்சம். இந்த மிச்சத்தைப் பார்த்த சந்தோஷத்தில்தான் மற்றதையெல்லாம் கோட்டை விடுகிறார்கள்.

பணம் கைமாறவில்லை, வரி எதற்கு?

அடிக்கடி நடக்கும் தவறும், அதிகம் செலவு வைக்கும் தவறும் இதுதான். வருமான வரியில் பரிவர்த்தனையும் விற்பனையைப் போலவே சொத்து மாற்றம். கொடுத்த வீட்டுக்கு இரண்டு பேருமே தனித்தனியாக மூலதன ஆதாயம் கணக்கிட வேண்டும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் ஆதாயத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடானால், பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவானதைக் கட்டலாம்.

ஒரு வீட்டைக் கொடுத்து வேறு வீடு வாங்குபவருக்குப் பழைய வருமான வரிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு தந்த விலக்கு இங்கே பெரிய துணை. புதிய சட்டத்தில் அதன் எண் மாறியிருக்கிறது, சலுகை இருக்கிறது. ஆனால் கைக்கு வந்த வீட்டின் மதிப்பு வரைக்கும்தான் விலக்கு. 8 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 60 லட்சம் மதிப்பில் கொடுத்து, 45 லட்சம் வீடும் 15 லட்சம் பணமும் வாங்கினால், 52 லட்சம் ஆதாயத்தில் 45 லட்சத்துக்கு விலக்கு. மீதி 7 லட்சம் வரிக்கு வரும்.

இதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. “என் வீடுதான் போகவில்லை, அவர் வீட்டை வாங்கி ஆறு மாதத்தில் விற்றுவிடலாம்” என்று நினைத்து மாற்றிக்கொள்பவர்கள் ஏராளம். மூன்று ஆண்டுக்குள் விற்றால், முன்பு பெற்ற விலக்கை அந்த வீட்டின் அடக்க விலையிலிருந்து கழித்துவிடுவார்கள். 24 மாதம்கூட ஆகவில்லையென்றால் குறுகிய கால ஆதாயமாகி, உங்கள் வருமான அடுக்கின் விகிதத்தில் வரி விழும். சீக்கிரம் பணமாக்க வேண்டியவருக்குப் பரிவர்த்தனை சரியான வழியே அல்ல. விலையைக் குறைத்தாவது நேரே விற்றுவிடுவதே மேல்.

மதிப்பு எழுதாத பத்திரம்

“சமமான சொத்துகள், மாற்றிக்கொண்டோம்” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மதிப்பு, வித்தியாசத் தொகை, அது கொடுக்கப்பட்ட விதம், தேதி எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். நாளைக்கு விற்கும்போது உங்கள் அடக்க விலைக்கு அந்த எண்தான் ஆதாரம். அரசு குறித்த வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாகக் காட்டினால் பதிவிலும் சிக்கல், வரிக் கணக்கிலும் சிக்கல்.

வித்தியாசத் தொகையை ரொக்கமாக வாங்கவே கூடாது. அசையாச் சொத்து மாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். வங்கி வழியாகவோ டிடியாகவோ வாங்கி, அதன் எண்ணைப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

முத்திரைத்தீர்வையை யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். வேறு உடன்பாடு இல்லையென்றால் இருவரும் சரிபாதி என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. மேலே சொன்ன கணக்கில் தீர்வை மட்டும் 4.20 லட்சம். 45 லட்சம் வீட்டுக்காரர் தலையில் 2.10 லட்சம் விழும்போதுதான் பதிவு அலுவலக வாசலில் வாக்குவாதம் தொடங்குகிறது.

வில்லங்கம் பார்த்தாகிவிட்டதா?

தன் வீட்டைக் கொடுக்கிறோம் என்ற நினைப்பில், வாங்குபவராகச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி கொடுக்கும் சொத்துக்கு நீங்கள் விற்பவர், பெறும் சொத்துக்கு வாங்குபவர். ஆகவே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரைபட அனுமதி, ஃப்ளாட்டானால் பிரிக்கப்படாத மனைப்பங்கின் சதுர அடி எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். பதிவாகாத ஒத்தியும், லீஸுக்கு வாங்கிய முன்பணமும் வில்லங்கச் சான்றில் தெரியாது. வீட்டுக்குள் போய்க் குடியிருப்பவரிடமே கேளுங்கள். எட்டு லட்சம் லீஸ் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்று எழுதாமல் விட்டால், அது உங்கள் தலையில்தான் வந்து நிற்கும்.

உரிமைக் குறைபாட்டால் வீடு கைவிட்டுப் போனால் என்ன செய்வது? நஷ்ட ஈடு கேட்கலாம், அல்லது கொடுத்த வீட்டையே திருப்பிக் கேட்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 119-ஆம் பிரிவு. ஆனால் திருப்பிக் கேட்க, அது இன்னும் எதிர்த் தரப்பிடமோ, அவர் வாரிசிடமோ, அவரிடம் இலவசமாகப் பெற்றவரிடமோ இருக்க வேண்டும். அவர் அதை விலைக்கு விற்றுவிட்டிருந்தால் நஷ்ட ஈட்டு வழக்குதான் மிச்சம். அதற்காகவே இழப்பீட்டு உறுதிமொழியைப் பத்திரத்தில் பொதுவாக எழுதாமல், ஈடுகட்ட வேண்டிய தொகையோடு எழுதுங்கள்.

கையெழுத்துப் போடுபவர் யார் என்பதும் முக்கியம். பவர் பத்திரத்தில் விற்க மட்டும் அதிகாரம் இருந்தால் போதாது. பரிவர்த்தனை செய்யவும் அதிகாரம் இருக்க வேண்டும். இந்து மைனருக்குப் பங்கு உள்ள சொத்தானால், பாதுகாவலர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பரிவர்த்தனை செய்ய முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

கடன் உள்ள வீடு

“பதிவு முடிந்ததும் கடனை அடைத்துவிடுகிறேன்” என்ற வாக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். கடன் முடிந்து, அசல் பத்திரங்கள் திரும்பி, பத்திரங்களை வங்கியில் அடமானம் வைத்தபோது பதிவான உரிமை ஆவண ஒப்படைப்புக்கு ரத்து ரசீது பதிவாகி, அது வில்லங்கச் சான்றில் ஏறிய பிறகே பரிவர்த்தனைக்கு நாள் குறியுங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி ஆவணங்களைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கால அட்டவணையில் அந்த 30 நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் ஒன்று, கைகள் இரண்டு

அசல் ஒருவரிடம் போய்விடும். மற்றவர் பிறகு கடனுக்குப் போனால் வங்கி அசலைக் கேட்கும். எனவே இரட்டைப்படியாக எழுதி, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. அ தபசில், ஆ தபசில் (சொத்து விவரப் பட்டியல்) என்று இரு சொத்துகளின் சர்வே எண், செக்குபந்தி (நான்கு எல்லைகள்), அளவு ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். இடம் மாறி எழுதிய தபசில் வேடிக்கையாகத் தெரியும். பிழைதிருத்தல் பத்திரத்துக்கு மறுபடி இரண்டு தரப்பும் வந்து நிற்க வேண்டும் என்னும்போது சிரிப்பு போய்விடும்.

சொத்துகள் வெவ்வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்தால், இரண்டில் ஒன்றில் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு நடக்காத அலுவலகத்தின் வில்லங்கச் சான்றிலும் ஏறிவிட்டதா என்று சில வாரத்தில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். மதுரையில் பதிவானது சென்னைக் கணக்கில் தெரியவில்லையென்றால், பழைய பெயரிலேயே யாரும் விற்கப் பார்க்க வழி இருக்கிறது.

மூன்று பேர் சங்கிலியாக மாற்றிக்கொள்ள நினைப்பதும் உண்டு: என் வீடு உனக்கு, உன் வீடு அவனுக்கு, அவன் வீடு எனக்கு. பரிவர்த்தனை என்பது இருவர் ஒருவருக்கொருவர் செய்வது. இந்தச் சங்கிலிக்குத் தனித்தனிக் கிரயப் பத்திரம்தான் வழி, தீர்வையில் மிச்சமும் கிடையாது.

சாவியைப் பதிவு நாளன்று மாலை, இருவரும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அன்றைய மின்மீட்டர் அளவையும், சொத்துவரி, குடிநீர் வரி ரசீதுகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்ற மனுவை அவரவர் போட வேண்டும்.