சன்ஸ்கிரீன்: ஸ்பிரே வேண்டாம், கிரீம் போதும்

துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீன் வாங்கினால், ஸ்பிரேயையும் பவுடரையும் தவிர்த்து, கையால் பூசும் கிரீமையே எடுங்கள். காற்றோடு வீணாகப் போகும் பங்கும் மிச்சமாகும்.

இவற்றில் பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கும் சிறிய 'நானோ' துகள்கள் இருக்கின்றன. பூசிய இடம் வெள்ளையாகத் தெரியாததற்கு அதுவே காரணம். காயமில்லாத தோலில் அவை மேலடுக்கோடு நின்றுவிடுகின்றன. மூச்சோடு உள்ளே போனால்தான் கவலை: நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கக்கூடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-இல் டைட்டானியம் டை ஆக்சைடை '2பி' பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவை) வைத்ததற்கும், எலிகளின் நுரையீரலில் கண்ட விளைவுகளே முக்கியக் காரணம். நுரையீரலை எட்டக்கூடிய ஸ்பிரேக்களில் அதன் நானோ வடிவத்தை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அங்கே 2013 முதல், சேர்மானப் பட்டியலில் 'நானோ' என்று குறிப்பிடுவதும் கட்டாயம். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

இந்த இரண்டு தாதுக்களும் இல்லாத சன்ஸ்கிரீனுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. புண்ணிலும், வெயிலில் வெந்து உரிந்த தோலிலும் கிரீமைக்கூடப் பூசாதீர்கள். அந்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.