சோலார் மோட்டாரில் தண்ணீர் குறைந்தால் டிரைவைத் திட்டாதீர்கள்

பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றி அதன் வேகத்தையும் கட்டுப்படுத்தும் பெட்டிதான் டிரைவ். சோலார் பம்ப் டிரைவ் வாங்கும்போது 97 சதவீதத் திறனா 98 சதவீதமா என்று நோட்டீஸைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு சதவீதம் பெரிய விஷயமே இல்லை. போர்வெல்லில் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாரின் திறன் 75, பம்பின் திறன் 58 என்று வைத்துக்கொண்டால், டிரைவையும் சேர்த்துப் பெருக்கினால் 42 சதவீதம்தான் மிஞ்சுகிறது. அதாவது பேனல் தரும் கரண்டில் பாதிக்கும் மேல் தண்ணீராக மாறாமலே போகிறது, அதில் டிரைவின் பங்கு மிகச் சின்னது. கை வைக்க வேண்டிய இடம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முதல் தவறு பேனலை வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது. 5 ஹெச்பிக்கு 4.8 கிலோவாட் போதும் என்று யாரோ சொல்ல, 540 வாட் பேனல் ஒன்பது வாங்கி வரிசையாக இணைத்துவிடுகிறார்கள். வாட் கணக்கு சரிதான், வோல்ட் கணக்குதான் இடிக்கிறது. ஒரு பேனல் ஓடும்போது சுமார் 41 வோல்ட், ஒன்பதுக்கு 370 சொச்சம். 415 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுற்ற வேண்டுமானால் டிரைவுக்குள் 587 வோல்ட் டிசி இருக்க வேண்டும். 370 வோல்ட்டில் அந்த மோட்டாரின் வேகம் 32 ஹெர்ட்ஸைத் தாண்டாது (முழு வேகம் 50 ஹெர்ட்ஸ்). வெயில் கொளுத்தும்போதே இந்தக் கதி. ஆகவே வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் வசதி உள்ள டிரைவ் வேண்டும், அல்லது குறைந்த வோல்ட்டுக்குக் காயில் கட்டிய மோட்டார் வேண்டும், இல்லையென்றால் பழைய 330 வாட் மாதிரிப் பேனல்களை 16 போடலாம்.

ஏன் 15 இல்லை, 16? பேனலின் பின்னால் அச்சடித்திருக்கும் வோல்ட் 25 டிகிரி சூட்டில் எடுத்தது. சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டிவிடும், டிகிரிக்கு 0.3 சதவீதம் என்று வோல்ட் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கும். ஒன்றுக்கு 37.7 வோல்ட் என்றால் 15 பேனலின் 565 வோல்ட் 510க்கு வந்துவிடும். அதற்காக 18 போட்டுவிடவும் கூடாது. லோடு இல்லாதபோது ஒவ்வொன்றும் 46 வோல்ட் காட்டும், 18க்கு 828, மார்கழிக் காலையில் இன்னும் ஏறும். பல டிரைவ்களின் உச்ச வரம்பு 800. தாண்டினால் போர்டு போய்விடும், வாரண்டியும் கிடைக்காது.

அடுத்தது, வேகத்தைக் குறைத்தால் கரண்ட் மிச்சம் என்ற நம்பிக்கை. வேகம் 80 சதவீதமானால் பவர் பாதியாகக் குறையும் என்பது குழாய் உராய்வை மட்டும் எதிர்த்துத் தள்ளும் பம்புக்குப் பொருந்தும். போர்வெல்லில் தண்ணீரை மேலே தூக்கியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 100 மீட்டர் தூக்கும் பம்ப் 35 ஹெர்ட்ஸில் 49 மீட்டர்தான் தூக்கும், ஏனென்றால் தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறைகிறது. உங்கள் தண்ணீர் 60 மீட்டரில் இருந்தால் 39 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சொட்டு வராது, மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டே சூடாகும். மேகமூட்டமான நாளில் மணிக்கணக்கில் இப்படி ஓடவிட்டுவிட்டு, அப்புறம் காயில் எரிந்தது எப்படி என்று கேட்கிறார்கள். தண்ணீர் வரத் தொடங்கும் ஹெர்ட்ஸ் எது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அதற்குக் கீழே இறங்கினால் டிரைவ் தானாக நிற்கும்படி செட்டிங் வைத்துவிடுங்கள். எப்படியானாலும் சப்மெர்சிபிளை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட்டக் கூடாது. மோட்டாரின் அடியில் கீழ்நோக்கிய சுமையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதப்பதற்கு அந்த வேகமாவது வேண்டும்.

கேபிளில் காசை மிச்சம் பிடிப்பது இன்னொன்று. 150 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டு 8 ஆம்பியர் ஓடினால் சுமார் 210 வாட் கேபிளைச் சூடாக்கவே போகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 90க்குள் முடிந்துவிடும். டிரைவில் அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசை இங்கே போட்டிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் திரும்ப வந்திருக்கும். பைப்பும் அப்படித்தான்: அதே தண்ணீருக்கு 2 இஞ்சுக்குப் பதில் 2.5 இஞ்ச் போட்டால் உராய்வு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாகிவிடும்.

நீளமான கேபிள் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. டிரைவ் வெளியே விடுவது வெட்டு வெட்டான வோல்ட், அது கேபிளின் கடைசியில் மோதித் திரும்பும்போது மோட்டார் முனையில் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தாக்கலாம். சத்தம் குறையட்டும் என்று கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் வோல்ட்டை எவ்வளவு வேகமாக வெட்டி வெட்டி விடுகிறது என்ற செட்டிங்) 10, 12 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்தால் இந்த அடி அடிக்கடி விழும், டிரைவும் கூடுதலாகச் சூடாகும். 300 அடி ஆழத்தில் இருக்கும் மோட்டாரின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் போதும். கேபிள் மிக நீளமானால் வெளியீட்டு ஃபில்டர் ஒன்று மாட்டிவிடுங்கள்.

பழைய இபி ஸ்டார்டர் பெட்டியை அப்படியே விட்டு அதன் வழியாக டிரைவை இணைப்பவர்கள் கவனிக்க: டூ பேஸில் ஓட்டுவதற்காகப் போட்ட கண்டன்சர் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கவே கூடாது. டிரைவ் ஒவ்வொரு முறை சுவிட்ச் ஆகும்போதும் கண்டன்சர் கரண்டை இழுக்கும். டிரிப் ஆனால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் டிரைவுக்குள் சுவிட்ச் வேலை பார்க்கும் ஐஜிபிடி வெடிக்கும். கழற்றி எறியுங்கள்.

அப்புறம் சுற்றும் திசை. மூன்று பேஸில் இரண்டு மாறியிருந்தால் பம்ப் தலைகீழாகச் சுற்றும், ஆனாலும் தண்ணீர் கொஞ்சம் வரும் என்பதால் பல பேர் கவனிப்பதே இல்லை. மோட்டார் ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப்போட்டு, எந்தப் பக்கம் தண்ணீர் அதிகம் வருகிறதோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

டிரைவ் பெட்டியைப் பேனலுக்கு அடியில் நிழலாக, காற்றோட்டமாக மாட்டுங்கள். பெரும்பாலான டிரைவ்களுக்கு 40 அல்லது 50 டிகிரிக்கு மேல் முழுத் திறன் கிடையாது, தகரப் பெட்டிக்குள் அடைத்து வெயிலில் வைத்தால் மத்தியானம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேனல் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், வெள்ளைக் கறை படிந்தால் தூசியை விட மோசம். பக்கத்துத் தென்னை மட்டையின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் இறங்கலாம். பேனல் ஸ்டாண்டுக்குக் குழி தோண்டும் முன், காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று போய்ப் பார்த்துவிடுங்கள்.