பசி வந்த பிறகு தேடாதீர்கள்: இத்தாலியில் சாப்பாட்டுக் கடை தேடும்போது நடக்கும் தவறுகள்

இத்தாலிக்குப் போய் வந்து "சாப்பாடு அப்படியொன்றும் பிரமாதம் இல்லை" என்று சொல்பவர்களைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். கொலோசியத்தைச் சுற்றி முடித்து, கால் ஓய்ந்து, மாலை நாலு மணிக்கு எதிரே தெரிந்த கடையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாலு மணிதான் முதல் தவறு.

இத்தாலியில் அடுப்புக்கு நேரம் உண்டு. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, இரவு ஏழரைக்கு மேல். ரோம்காரர்கள் எட்டரை வாக்கில்தான் சாப்பிட உட்காருவார்கள். நேப்பிள்ஸ், பலெர்மோ என்று தெற்கே போகப் போக ஒன்பதும் ஆகும். நடுவில் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்படியிருக்க, நாலு மணிக்குப் பாஸ்தா போட்டுத் தருகிற கடை யாருக்காகத் திறந்திருக்கிறது? இந்த நேரக் கணக்கு தெரியாதவர்களுக்காகத்தான். அங்கே மைக்ரோவேவில் சூடாக்கிய லசான்யா வந்தால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

நாலு மணிக்குப் பசித்தால் உட்கார்ந்து சாப்பிடும் கடையையே விட்டுவிடுங்கள். ரோமில் அதற்கென்றே 'பீட்சா அல் தாலியோ' கடைகள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் நீள நீளமான தட்டுகளில் பீட்சா கிடக்கும். கடைக்காரர் கத்தியை ஒன்றின் மேல் வைத்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் என்றோ, இவ்வளவு போதும் என்றோ கையாலேயே சொல்லிவிடலாம். வெட்டியதைத் தராசில் போட்டு, மறுபடி சூடாக்கி, தாளில் சுற்றித் தருவார். காசு எடைக்குத்தான். உருளைக்கிழங்கை மெலிதாகச் சீவிப் பரப்பிய பீட்சா ஒன்று பெரும்பாலும் இருக்கும். தக்காளியும் சீஸும் இல்லையே என்று நம் ஆட்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், பாவம். அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

சிவப்புக் கட்டம் போட்ட மேசை விரிப்பு

இரண்டாவது தவறு, பார்ப்பதற்கு இத்தாலி மாதிரி இருக்கும் கடைக்குள் நுழைவது. கட்டம் போட்ட விரிப்பு, வைக்கோல் சுற்றிய பழைய ஒயின் குப்பி, பலகையில் 'டிராட்டோரியா' என்ற எழுத்து. ஒரு காலத்தில் ரிஸ்டொரான்டே என்றால் பெரிய உணவகம், டிராட்டோரியா என்றால் குடும்பக் கடை, ஒஸ்டேரியா என்றால் ஒயினும் கூடவே கொஞ்சம் சாப்பாடும் கிடைக்கும் இடம். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம். பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தக் கடைக்கு அடுத்த வாரமும் வரப்போகிறவர் யார்? ரோமின் ட்ரெவி நீரூற்றுக்கு எதிரே கடை போட்டவருக்கு வாடகை எக்கச்சக்கம். இன்று வந்தவர் மறுபடி வரப்போவதில்லை, ஆனால் நாளைக்கு வேறு ஆயிரம் பேர் அந்த வழியாகப் போவார்கள். நன்றாகச் சமைப்பதால் அவருக்கு வருமானம் கூடப்போவதில்லை. வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, மெனு அட்டையைக் காட்டி உங்களை உள்ளே இழுப்பதால்தான் கூடும். தெருவில் நின்று கூப்பிடும் ஆள் இருந்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். இந்த விதிக்கு விலக்கே கிடையாது என்பேன்.

ஆங்கில மெனு இருந்தாலே மோசமான கடை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியில்லை. நல்ல கடை நடத்தும் இளைஞர்கள் பலர் ஆங்கிலத்திலும் ஒரு தாள் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு நாட்டுக் கொடி போட்டு, வெயிலில் நிறம் வெளுத்த புகைப்படங்களோடு வாசலில் நிற்கும் மெனு வேறு சமாச்சாரம். அதே மாதிரி, பக்கத்து மேசையில் வெளிநாட்டுக்காரர் இருப்பதால் கடை கெட்டுப்போய்விடாது. நாமும் அங்கே சுற்றுலாப் பயணிகள்தானே.

எல்லா ஊர்ச் சாப்பாடும் ஒரே அட்டையில்

இத்தாலியச் சமையல் என்று பொதுவாகச் சொன்னாலும், அங்கே ஊருக்கு ஊர் சாப்பாடு வேறு. கார்பனாரா, காச்சோ எ பெப்பே, அமத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகள் எல்லாம் ரோம். குங்குமப்பூ போட்ட ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாடு மிலான். பெஸ்டோ ஜெனோவா. போலோன்யாவில் 'ஸ்பகெட்டி போலோனேஸ்' கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊரில் 'ராகு' என்ற இறைச்சிக் குழம்பைத் தாலியாடெல்லே என்ற பட்டை பாஸ்தாவோடுதான் சாப்பிடுவார்கள். 1982-இல் அந்த ராகுவின் செய்முறையை ஊர் வணிக மன்றத்திலேயே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தாலியாடெல்லே வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் ஒரு பதிவு உண்டு. இப்படிப்பட்ட ஊரில் ஸ்பகெட்டி போலோனேஸ் போடுகிற கடை யாரை எதிர்பார்த்துப் போடுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, வெனிஸில் ஒரே அட்டையில் பீட்சா, கார்பனாரா, லசான்யா, ஃபிளாரன்ஸ் மாட்டிறைச்சி ஸ்டேக் எல்லாம் இருந்தால் எழுந்துவிடலாம். கார்பனாராவில் க்ரீம் என்று எழுதியிருந்தால் அதற்கும் முன்பே எழுந்துவிடலாம். முட்டை, பெக்கோரினோ சீஸ், பன்றிக் கன்னத்து இறைச்சி, மிளகு, அவ்வளவுதான் அதில்.

சின்ன அட்டை நல்ல அறிகுறி. அதைவிட நல்லது, நாளுக்கு நாள் மாறுகிற அட்டை. ரோமில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: வியாழக்கிழமை ந்யோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை குடல்கறி. கரும்பலகையில் வியாழன் மட்டும் ந்யோக்கி எழுதுகிற கடை இன்றும் இருக்கிறது. வழியோடு போகிற பயணிக்கு அந்தக் கிழமைக் கணக்கு தேவையில்லை. வாரம் தவறாமல் வருகிற பக்கத்துத் தெருக்காரருக்காகத்தான் அது.

வெனிஸில் ரியால்டோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. திங்கட்கிழமை இரவு "இன்று வந்த மீன்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். மெனுவில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். கீழே சின்ன எழுத்தில் விளக்கம் இருக்கும்: உறைய வைத்த பொருள் என்று அர்த்தம். ஓரிரண்டு நட்சத்திரம் பரவாயில்லை. மீன் வகை அத்தனைக்கும் நட்சத்திரம் என்றால் பாஸ்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாலு தெரு தள்ளிப் போ என்ற அறிவுரை

பெரிய சின்னங்களிலிருந்து தள்ளிப் போனால் நல்ல கடை கிடைக்கும் என்பார்கள். பாதி உண்மை. ரோமில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிராஸ்டெவெரே ஒரு காலத்தில் உழைப்பாளிகள் குடியிருந்த பகுதி. இப்போது மாலை ஏழு மணிக்கு அதன் முக்கியச் சந்துகளில் நடந்தால் இருபக்கமும் மெனு அட்டைகள் நீளும். சின்னங்களை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் பயன் இல்லை. சந்து அழகாக இருப்பதே அதற்கு வினையாகிவிட்டது.

ஆற்றின் இந்தக் கரையில் கொஞ்சம் தெற்கே டெஸ்டாச்சோ. பார்க்க அழகில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு சந்தை. நகரின் பழைய இறைச்சிக்கூடம் 1975 வரை இங்கேதான் இயங்கியது. நல்ல கறி பணக்காரர் வீட்டுக்குப் போக, வால், குடல், நாக்கு, ஈரல் எல்லாம் தொழிலாளிகளுக்கு. அந்த மிச்சத்திலிருந்து பிறந்த சமையல்தான் ரோமின் பெருமையாக இன்று பேசப்படுகிறது. மாட்டுவாலைத் தக்காளியோடு மணிக்கணக்காக வேகவைக்கும் கோடா அல்லா வாச்சினாராவைச் சாப்பிட வேண்டிய இடம் இதுதான். மற்ற ஊர்களிலும் இதே மாதிரி குடியிருப்புகளைத் தேடுங்கள். ஃபிளாரன்ஸில் சான்ட் அம்ப்ரோஜோ சந்தையைச் சுற்றி, அல்லது ஆற்றைத் தாண்டி சான் ஃப்ரெதியானோ. வெனிஸில் கன்னரேஜோவின் கால்வாய்க் கரை. அங்கே பாக்காரோ என்னும் சின்னக் கடைகளில் நின்றபடியே ஒரு கிளாஸ் ஒயினும், கருவாட்டு மீனை ஆலிவ் எண்ணெயில் கடைந்து ரொட்டி மேல் தடவிய சிக்கெட்டியும் சாப்பிடலாம். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் அதுவே இரவுச் சாப்பாடு.

நட்சத்திரங்களை நம்புவது

2015-இல் ஓர் இத்தாலிய உணவு இதழ், கார்டா ஏரிக் கரையில் உள்ள மோனிகா என்ற சிற்றூரில் இல்லாத ஓர் உணவகத்தை டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் உருவாக்கியது. பத்துப் போலி விமர்சனங்கள் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த ஊரின் முதலிடம்! 2018-இல் காசுக்கு விமர்சனம் எழுதி விற்ற ஓர் ஆளுக்கு லெச்சே நகர நீதிமன்றம் 9 மாதச் சிறை விதித்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் 4.8-க்கும் 4.4-க்கும் வித்தியாசம் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, இத்தாலிய மொழியில் எழுதிய விமர்சனங்களை மட்டும் எடுத்துப் படியுங்கள். மொழிபெயர்க்கத்தான் ஃபோன் இருக்கிறதே. புகார்களைக் கவனியுங்கள். "பரிமாறுபவர் சிரிக்கவில்லை", "பில் வர நேரமாகிறது" என்பவை ஆங்கிலப் புகார்கள், பொருட்படுத்த வேண்டாம். "பாஸ்தா குழைந்துவிட்டது" என்று ஓர் உள்ளூர்க்காரர் எழுதியிருந்தால் அந்தக் கடையை மறந்துவிடுங்கள். "யாருக்கும் தெரியாத கடை" என்று பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோவையும்தான்.

இன்னொரு வழி இருக்கிறது. 1986-இல் ரோமின் ஸ்பானியப் படிகள் பக்கம் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது எழுந்த எதிர்ப்பில் வளர்ந்தது ஸ்லோ ஃபுட் இயக்கம். அதைத் தொடங்கியவர் கார்லோ பெட்ரினி. அவர்கள் 1990-இலிருந்து 'ஒஸ்டேரியே தி இத்தாலியா' என்று ஒரு கையேடு வெளியிடுகிறார்கள். நியாய விலையில் அந்தந்த வட்டாரச் சமையல் செய்யும் கடைகள் அதில் வரும். மிகவும் பிடித்தவற்றுக்கு நத்தைச் சின்னம். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் பெயரும் முகவரியும் நத்தையும் போதும்.

மதியம் போங்கள், முன்பதிவு செய்யுங்கள்

பெரிய சாப்பாட்டை இரவுக்கென்று தள்ளி வைப்பதும் ஒரு தவறு. வேலை நாளில் மதியம் ஒரு மணிக்குப் பல கடைகளில் 'ப்ரான்ஸோ தி லவோரோ' என்று அலுவலகக்காரர்களுக்கான சாப்பாடு போடுவார்கள். பெரும்பாலும் 12 முதல் 15 யூரோவுக்குள் ஒரு பாஸ்தா, ஒரு கறியோ மீனோ, காய், தண்ணீர், சில இடங்களில் காபியும். மிலான், போலோன்யா போன்ற வடக்கத்திய ஊர்களில் இது சாதாரணம். பெயின்ட் கறையோடு வந்தவரும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் வங்கிக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் அவசரமாகச் சாப்பிடும் கடை கண்ணில் பட்டால் யோசிக்காமல் உள்ளே போய்விடலாம்.

இரவுக்கு முன்பதிவு அவசியம். நல்ல கடையில் இருபது முப்பது பேருக்குத்தான் இடம். காலி மேசை இருந்தும் "நிறைந்துவிட்டது" என்பார்கள்; அந்த மேசை ஒன்பது மணிக்கு வருகிறவருடையது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாலே பல கடைகள் பதில் போடுகின்றன. வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்டோ பண்டிகையை ஒட்டிக் குடும்பக் கடைகள் பல வாரக்கணக்கில் மூடிவிடும். அப்போது போகாமல் இருப்பதே உத்தமம், வெயிலுக்காகவும்தான்.

சைவர்களுக்கு

ரோமில் டெர்மினி ரயில் நிலையம் பக்கம் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்று சைவர்கள் நேராக அங்கே போய்விடுகிறார்கள். தேவையில்லை. ஆனால் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நெத்திலி வரும், சூரை மீனும் வரும். வெஜெடாரியானோ, பெண்கள் என்றால் வெஜெடாரியானா என்றே சொல்லிவிடுங்கள். மிலான் ரிசோட்டோ பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே இறைச்சிச் சாறும் எலும்பு மஜ்ஜையும். பார்மிஜானோ, பெக்கோரினோ சீஸ்களில் விலங்கு ரென்னெட் உண்டு (பாலைத் திரைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுப்பது), அதில் கண்டிப்பானவர்கள் சீஸே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சீஸ் இல்லாமல் தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும் போட்ட மரினாரா பீட்சா நேப்பிள்ஸின் பழைய பீட்சா. ஜெனோவாவில் கொண்டைக்கடலை மாவில் சுடும் ஃபரினாட்டா, பலெர்மோவில் அதே மாவைக் கிளறி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் பனெல்லே. பலெர்மோவின் பல்லரோ சந்தையில் சைவர்களைவிட அதிர்ஷ்டசாலிகள் யாரும் இல்லை.

பில் வரும்போது

'கொபெர்டோ' என்று தலைக்கு ஒன்று முதல் மூன்று யூரோ பில்லில் இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். உட்காருவதற்கான கட்டணம், மெனுவின் அடியில் எழுதியிருக்கும். ரோம் இருக்கும் லாட்சியோ வட்டாரத்தில் 2006-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். உடனே 'ரொட்டி' என்ற பெயரில் வர ஆரம்பித்தது. ரொட்டி வேண்டாம் என்றால் கூடை வந்த உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

உண்மையில் பை கிழிவது வேறு இடத்தில். மீன் விலை 'எட்டோ'வுக்குப் போட்டிருக்கும், அதாவது 100 கிராமுக்கு. 7 யூரோ என்று பார்த்துவிட்டு மலிவு என்று நினைத்தால், 900 கிராம் மீன் வந்து 63 யூரோ ஆகும். ஃபிளாரன்ஸ் ஸ்டேக் கிலோக் கணக்கு, ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். 2018 ஜனவரியில் வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு ஸ்டேக், பொரித்த மீன், தண்ணீருக்கு 1,100 யூரோவுக்கு மேல் பில் போட்டது உலகச் செய்தியானது. சமைப்பதற்கு முன்பே மீனைக் கொண்டுவந்து காட்டி, எடை போட்டு, விலை சொல்லச் சொல்லுங்கள். ஒழுங்கான கடையில் இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்புறம், பில் தானாக மேசைக்கு வராது, கேட்டால்தான் கொண்டுவருவார்கள். "இல் கோன்டோ, பெர் ஃபவோரே" என்றால் போதும்.