அட்டையைத் தூக்கினால் பதில்: அறுபது பேர் வகுப்பில் பிளிக்கர்ஸ்

"புரிந்ததா?" என்று கேட்டால் முதல் பெஞ்சு தலையாட்டும். மற்றவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். பாடம் நடக்கும்போதே அதைத் தெரிந்துகொள்ள பிளிக்கர்ஸ் செயலி உதவும். மாணவர்களுக்கு போன் தேவையில்லை. ஆசிரியரின் போனும் அச்சிட்ட அட்டைகளும் போதும்.

பிளிக்கர்ஸ் தளத்தில் கணக்கு தொடங்கி அட்டைகளை இறக்கிக்கொள்ளுங்கள். 40 அட்டைத் தொகுப்பும் உண்டு, 63 அட்டைத் தொகுப்பும் உண்டு. 60 பேர் வகுப்புக்கு இரண்டாவது. அட்டைக்கு ஒரு எண், ஒரு கறுப்பு வடிவம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. மாணவர் மேலே வைத்துக் காட்டும் எழுத்தே அவர் பதில். வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, எழுத்தும் மிகச் சிறியது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் காட்டுவது கடினம். ரோல் நம்பரையே அட்டை எண்ணாக வைத்தால் குழப்பம் வராது. கெட்டித் தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், விளக்கொளி பட்டு கேமராவுக்கு வடிவம் தெரியாமல் போகும். விரல் வடிவத்தின் மேல் பட்டாலும் அதே கதைதான்.

உழைப்பு முழுவதும் கேள்வியில்தான். சூத்திரம் கேட்காதீர்கள், தவறான புரிதல் வெளியே வரும்படி கேளுங்கள். உதாரணம்: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? (ஏ) சுழி (பி) கீழ்நோக்கி 9.8 மீ/வி² (சி) மேல்நோக்கி 9.8 மீ/வி² (டி) நிறையைப் பொறுத்தது. பாடம் படித்தவர்களே பலர் ஏ காட்டுவார்கள்.

முதலில் பேச்சில்லாமல் ஒன்றரை நிமிடம் யோசிக்க விடுங்கள். பிறகு அட்டைகளைத் தூக்கச் சொல்லி, போன் கேமராவை வகுப்பு முழுக்க மெதுவாக நகர்த்துங்கள். முடிவு வரைபடத்தைத் திரையில் காட்டவே கூடாது. காட்டிவிட்டால் பெரும்பான்மை பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள், விவாதம் அங்கேயே செத்துவிடும்.

அடுத்து என்ன என்பதைச் சரியான பதிலின் விகிதம் சொல்லும். 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பாடத்தையே வேறு வழியில் மறுபடி நடத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடையில் இருந்தால்தான் விருந்து: மாணவர்கள் ஒவ்வொருவரையும், தன்னிடமிருந்து வேறு பதில் காட்டிய ஒருவரைத் தேடிப் பிடித்து மூன்று நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி வாக்கெடுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவருக்கு, எங்கே தடுக்கியது என்பது ஆசிரியரைவிட நன்றாக நினைவிருக்கும்.

ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் ஆகும். 50 நிமிட வகுப்பில் இரண்டு போதும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். மதிப்பெண் என்றதும் நன்றாகப் படிப்பவர் காட்டும் பதிலையே எல்லோரும் காட்டப் பார்ப்பார்கள்.

இரண்டாம் வாக்குக்குப் பிறகு "விடை பி" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஏ ஏன் சரிபோலத் தோன்றியது என்று கேளுங்கள். உச்சியில் சுழியாவது திசைவேகம். அந்தக் கணத்திலும் அது மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஒரு மாணவர் வாயாலேயே வரும்வரை காத்திருங்கள்.